பல் மருத்துவ மாணவர்கள் லூப்ஸ் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டில் பேண்டம் ஹெட் என்னும் பயிற்சிப் பொம்மைத் தலையின் முன்னால் உட்கார்ந்து பழகிய மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் நோயாளியின் நாற்காலிக்கு அருகே வரும்போது, லூப்ஸ் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடி பற்றி ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். எத்தனை மடங்கு வாங்குவது, எந்த நிறுவனம் நல்லது என்பவை முதலில் வருகின்றன. எத்தனை சென்டிமீட்டர் தொலைவுக்கு, எவ்வளவு சாய்வில் என்ற கேள்வியைக் கேட்பவர் அரிது. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் கழுத்து தாங்குமா என்பதைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு அளவுகளே. எனவே, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, அந்த அளவுகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்து விடை எழுதியிருக்கிறேன்.

லூப்ஸ் என்றால் சரியாக என்ன? கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைத்திருப்பதுதானே?

இல்லை. கடிகாரக்காரர் பயன்படுத்துவது ஒற்றை வில்லை. அதில் உருவம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் பொருளுக்கு மிக அருகே கண்ணைக் கொண்டு போக வேண்டும். தலையில் பட்டையாக மாட்டிக்கொள்ளும் மலிவான உருப்பெருக்கிகளும் இந்த வகைதான். வேலை செய்யச் செய்ய அவை நம்மை நோயாளியின் முகத்தை நோக்கி இழுக்கும்.

பல் மருத்துவ லூப்ஸ் என்பது மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தப்பட்ட இரண்டு சிறிய தொலைநோக்கிகள். குறிப்பிட்ட தொலைவில் இரண்டு பார்வையும் ஒரே இடத்தில் கூடும்படி அவை உள்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். கலிலியோ வகையில் முன்னால் குவி வில்லையும் கண்ணருகே குழி வில்லையும் இருக்கும். அது குட்டையானது, எடை குறைந்தது, விலையும் குறைவு. கெப்ளர் வகையில் இரண்டுமே குவி வில்லைகள் என்பதால் உருவம் தலைகீழாக விழும், அதை நிமிர்த்த உள்ளே முப்பட்டகம் வைத்திருப்பார்கள். நீளமும் எடையும் கூடும், ஆனால் காட்சியின் ஓரம் வரை கூர்மை குறையாது. கடைகளில் 'பிரிஸ்மாட்டிக்' என்று சொல்வது இந்த இரண்டாம் வகையையே.

எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, பவரும் இல்லை. அப்புறம் எதற்கு லூப்ஸ்?

குறைபாடற்ற கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நாம் வேலை செய்யும் தொலைவில், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியவே கண் திணறும். கிரவுன் என்னும் உறைக்காகச் செதுக்கிய பல்லின் விளிம்பில் விட்டுப்போன உதடு போன்ற சிறு நீட்டம், கேவிட்டி என்னும் குழியின் சுவரில் பல்லின் மேலடுக்கான எனாமலும் உள்ளடுக்கான டென்டினும் சந்திக்கும் கோட்டில் தங்கிவிட்ட சொத்தை, இரண்டு பற்களுக்கு நடுவே பில்லிங்கின் (பல் அடைப்பின்) துருத்தல் ஆகியவை அந்த அளவிலேயே இருக்கின்றன. மேல் முதல் கடைவாய்ப்பற்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இரண்டாவது மீசியோபக்கல் கால்வாய் (வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்) உண்டு என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் கிளினிக்கில் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் மாணவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தெளிவாகத் தெரியாத இடத்தை நோக்கித் தலை தானாகவே குனிந்துவிடும். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை மணிக்கணக்கில் குனிந்தபடி தாங்குவது கழுத்துத் தசைகளும் முள்ளெலும்பு இணைப்புகளும்தான். சரியாக அளவெடுத்த லூப்ஸ் அதன் குவிய எல்லைக்குள் வந்தால் மட்டுமே தெளிவாகக் காட்டும். குனிந்தால் காட்சி மங்கிவிடுவதால், நிமிர்ந்து உட்காருமாறு அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

எந்த வருஷத்தில் வாங்குவது சரி?

முதல் ஆண்டில் தேவையில்லை. மெழுகில் பல் செதுக்குவதற்கு வெறும் கண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில், பேண்டம் ஹெட்டில் கேவிட்டி வெட்டப் பழகி, உட்காரும் முறை ஓரளவு நிலைபெற்ற பிறகு அளவெடுத்து, மூன்றாம் ஆண்டு கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கும்போது கையில் இருக்குமாறு வாங்குவது நல்லது. இதற்கு முன்பே அளவெடுத்தால், இன்னும் ஒழுங்காக உட்காரத் தெரியாத உடம்பின் அளவே பதிவாகும்.

"முதலில் வெறும் கண்ணால் வேலையைக் கத்துக்கோ, அப்புறம் லூப்ஸ் போடலாம்" என்று எங்கள் சார் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொத்தையைத் தேடும் எக்ஸ்ப்ளோரர் முனை ஒட்டிக்கொள்ளும் உணர்வு, பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலரின் அடியில் கால்குலஸ் (இறுகிய பற்காறை) சொரசொரப்பது, பல்லைக் குடையும் ஏரோட்டருக்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்ற கணக்கு ஆகியவை விரலால் கற்க வேண்டியவை. காட்சி பெரிதாகும்போது இந்தத் தொடு உணர்வில் கவனம் குறையும் ஆபத்து உண்மையாகவே உண்டு.

ஆனாலும் குனிந்து வேலை செய்யும் பழக்கம் இரண்டு ஆண்டுகளில் ஊறிவிட்டால் அதைக் கழற்றுவது கடினம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பரிசோதனையை முதலில் வெறும் கண்ணாலும் விரலாலும் செய்து, கண்டதை எழுதிவிட்டு, பிறகு லூப்ஸ் போட்டு அதே பல்லை மறுபடி பார்ப்பது இரண்டுக்கும் பொருந்தும் வழி. ஆசிரியரிடம் இதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் அணிய விரும்புகிறவர்கள் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள். தேர்வு நாளன்று காலையில் கேட்பது யாருக்கும் நல்லதல்ல.

2.5 வாங்கலாமா, 3.5 வாங்கலாமா? சீனியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முதல் லூப்ஸ் 2.5 முதல் 3 மடங்குக்குள் இருக்கட்டும் என்பதே என் கருத்து. பெருக்கம் கூடக் கூட மூன்று இழப்புகள் சேர்ந்தே வரும். காட்சிப் பரப்பு சுருங்கும், குவிய ஆழம் (தலையை அசைக்காமலே தெளிவாகத் தெரியும் முன்பின் எல்லை) குறையும், கண்ணுக்கு வரும் வெளிச்சம் மங்கும். 2.5 மடங்கில் ஏறத்தாழ வாய் முழுவதும் தெரியும். 3.5 மடங்கில் ஒரு குவாட்ரண்டும் (வாயின் கால் பகுதி) அதைச் சுற்றிக் கொஞ்சமும் தெரியும். 5 அல்லது 6 மடங்குக்குப் போனால் ஓரிரு பற்களே தெரியும், நோயாளி சற்று அசைந்தாலே பல் காட்சியிலிருந்து நழுவிவிடும்.

ஸ்கேலிங், பல் எடுத்தல், பல் அச்சுக்கு அளவெடுத்தல், பில்லிங் என எல்லாத் துறைகளிலும் சுற்றிவரும் மாணவருக்குப் பரப்பும் ஆழமும் முக்கியம். நாள் முழுவதும் கால்வாய்களுக்குள்ளேயே வேலை செய்பவருக்குத்தான் உயர்ந்த பெருக்கம் தன் விலைக்கு ஈடு கொடுக்கும். கலிலியோ வகையில் 3.5 மடங்குக்கு அருகே போகும்போதே ஓரங்கள் மங்கத் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பிரிஸ்மாட்டிக் வகைக்கு மாற வேண்டும், அதன் எடையையும் மூக்கு சுமக்க வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு நிறுவனத்தின் 2.5 மடங்கும் இன்னொரு நிறுவனத்தின் 2.5 மடங்கும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் என்ற உறுதி இல்லை. இரண்டையும் ஒரே நாற்காலியில், ஒரே தொலைவில் போட்டுப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

வேலைத் தொலைவு என்கிறார்களே, அதை எப்படி அளப்பது? விற்பனையாளர் 42 சென்டிமீட்டர் எல்லாருக்கும் சரியாக வரும் என்கிறார்.

எல்லாருக்கும் சரியாக வரும் தொலைவு என்று ஒன்று இல்லை. ஐந்தடி உயரமுள்ள மாணவிக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் சரியாக இருக்கலாம். ஆறடி உயரமுள்ளவருக்கு 50 சென்டிமீட்டரைத் தாண்டலாம். உடம்பின் நீளம், கைகளின் நீளம், உட்காரும் விதம் மூன்றும் சேர்ந்தே அந்த எண் அமைகிறது.

அளக்கும் முறை இதுதான். ஆபரேட்டர் ஸ்டூலில் பாதங்கள் முழுவதும் தரையில் படியுமாறு உட்காருங்கள். தோள்களைத் தளர்த்துங்கள், மேற்கைகள் விலாவை ஒட்டித் தொங்கட்டும். முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாகவோ சற்றே மேல்நோக்கியோ இருக்க வேண்டும். நோயாளியாக ஒரு நண்பரைப் படுக்கவைத்து, அவருடைய வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றி இறக்குங்கள். இப்போது கண்களை மூடி, இரண்டு மூன்று மூச்சு விட்டு, கழுத்தை அதன் இயல்பான நிலைக்கு வரவிட்டுக் கண்களைத் திறங்கள். கையில் மிரரும் எக்ஸ்ப்ளோரரும் பிடித்து, அவருடைய மேல் முன்கடைவாய்ப்பல் ஒன்றைத் தொடுங்கள். மூன்றாமவர் ஒருவர் தையல்காரர் நாடாவின் ஒரு முனையை உங்கள் கண்ணின் வெளிக்கோணத்திலும் மறுமுனையை அந்தப் பல்லிலும் வைத்து அளக்கட்டும். பிறகு கீழ்ப் பற்களுக்கும், வலப்பக்கம் இடப்பக்கம் மாறியும் இதையே செய்யுங்கள்.

நாடாவைப் பார்த்தவுடன் பலரும் தம்மை அறியாமல் முன்னால் சாய்வார்கள். அதனால் அளப்பவரிடம் சொல்லிவைத்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் அளக்கச் சொல்வது நல்லது. நின்றுகொண்டு எடுத்த அளவும், மேசைமேல் வைத்த பல் மாதிரியைப் பார்த்து எடுத்த அளவும் பயன்படா. இரண்டு எண்களுக்கு நடுவே தயங்க நேர்ந்தால் நீளமானதையே தேர்ந்தெடுங்கள். தொலைவு சற்றுக் கூடினால் நிமிர்வீர்கள், குறைந்தால் கட்டாயம் குனிவீர்கள். ஆனால் மிகவும் கூட்டிவிட்டால் கைகளை நீட்டித் தோளைத் தூக்க வேண்டிவரும்.

சாய்வுக் கோணம் என்றால் என்ன? அது அவ்வளவு முக்கியமா?

தலையை நேராக வைத்து முன்னால் பார்க்கும் கோட்டுக்கும், லூப்ஸ் குழல்கள் கீழ்நோக்கிச் சுட்டும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே சாய்வுக் கோணம். குழல்கள் போதிய அளவு கீழ்நோக்கி இல்லாவிட்டால், நோயாளியின் வாயைப் பார்க்க மிச்சக் கோணத்தைக் கழுத்துதான் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த, பளிங்குபோல் தெளிவான லூப்ஸ் போட்டும் கழுத்து வலியோடு அலைபவர்களில் பலருக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

தலை முன்னோக்கிச் சாய்வது 20 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதைச் சரிபார்க்க, லூப்ஸ் போட்டு வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து ஒருவரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காதுத் துளை தோள்மூட்டுக்கு வெகுவாக முன்னால் போயிருந்தால் கோணம் போதவில்லை. கோணத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் கண்கள் கீழே உருண்டு சிரமப்படும். சட்டம் மூக்கில் எவ்வளவு கீழே உட்காருகிறது என்பதும் இந்தக் கோணத்தை மாற்றும். எனவே சட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

டி.டி.எல். நல்லதா, ஃபிளிப்-அப் நல்லதா?

டி.டி.எல். ('த்ரூ தி லென்ஸ்') வகையில் குழல்களைக் கண்ணாடி வில்லையையே துளைத்துப் பொருத்தியிருப்பார்கள். குழல் கண்ணுக்கு அருகே இருப்பதால் காட்சிப் பரப்பு அகலமாகக் கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் கண்மணிகளுக்கு இடையிலான தூரம், வேலைத் தொலைவு, சாய்வுக் கோணம் எல்லாம் உங்களுக்காக எடுத்த அளவில் நிலையாகப் பதிந்துவிடும். அளவு தவறினால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

ஃபிளிப்-அப் வகையில் குழல்கள் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கீலில் தொங்கும். இடைவெளியையும் கோணத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாம், நோயாளியுடன் பேசும்போது மேலே தூக்கிவிடலாம். எடை முன்னால் சேர்வதால் மூக்கு அழுந்தும், திருகுகள் அவ்வப்போது தளரும். நல்ல அளவெடுப்பு கிடைக்குமென்றால் டி.டி.எல். வாங்குங்கள். கண் பவர் இன்னும் மாறிக்கொண்டிருப்பவர்களுக்கும், அளவெடுக்க ஆள் இல்லாத ஊரில் படிப்பவர்களுக்கும் ஃபிளிப்-அப்பே பாதுகாப்பு.

நான் பவர் கண்ணாடி போடுகிறேன். லூப்ஸ் போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். டி.டி.எல். வகையில் உங்கள் பவரைச் சட்டத்தின் வில்லையிலும் குழலின் உள்ளேயும் சேர்த்துச் செய்து தருவார்கள். பவர் மாறினால் முழுவதையும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஃபிளிப்-அப் வகையில் பவர் சட்ட வில்லையில் மட்டுமே இருப்பதால், பெரும்பாலும் உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் கண் பரிசோதனையைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். அப்போதே கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கண்ணாடிக் கடையில் இதை பி.டி. என்பார்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், வேலை செய்யும்போது எதைப் போடப்போகிறார்கள் என்பதை முடிவு செய்த பிறகு அளவு கொடுக்க வேண்டும்.

இதைப் போட்டால் கண் கெட்டுப்போகுமா? பழகிவிட்டால் வெறும் கண்ணால் வேலையே ஓடாதாமே?

சரியாகப் பொருந்திய லூப்ஸ் கண்ணைக் கெடுப்பதில்லை. நல்ல தொலைநோக்கி வகையில், கண் தூரப் பொருளைப் பார்ப்பதுபோல் தளர்ந்த நிலையிலேயே வேலை செய்கிறது. பொருந்தாத லூப்ஸ் கண்ணுக்குச் சோர்வும் தலைவலியும் தரும், ஆனால் கழற்றியபின் அவை நீங்கிவிடும்.

பழகியபின் வெறும் கண்ணால் பார்ப்பது குறையாகத் தோன்றும் என்பது உண்மை. பார்வை குறைந்ததால் அப்படித் தோன்றுவதில்லை. முன்பு எவ்வளவு தவறவிட்டோம் என்பது இப்போது தெரிவதால் வரும் உணர்வு அது. லூப்ஸ் பழுதாகும் நாளும் வரும் என்பதால், பரிசோதனையை வெறும் கண்ணாலும் செய்யும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே 3.5 மடங்கு கிடைக்கிறது. பிராண்டட் என்றால் லட்சத்தைத் தொடுகிறது. மலிவானதை வாங்கலாமா?

சில மாதிரிகள் பழகுவதற்குப் போதுமானவை, சில தலைவலிக்கே வழி. மலிவானது என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம். கையில் வந்தவுடன், திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒரு கட்டக் காகிதத்தை வேலைத் தொலைவில் வைத்துப் பாருங்கள். இரண்டு குழல்களின் காட்சி வட்டங்களும் சிரமமின்றி ஒரே வட்டமாகக் கூட வேண்டும். இடைவெளியைச் சரிசெய்த பிறகும் இரட்டையாகத் தெரிந்தால் குழல்கள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கின்றன, அந்தப் பொருள் வேண்டாம். அடுத்து, கட்டத்தின் கோடுகள் ஓரத்தில் வளைகின்றனவா என்று பாருங்கள். பிறகு நாளிதழின் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி ஊதா அல்லது மஞ்சள் நிறச் சாயல் தெளிவாகத் தெரிந்தால், டிமினரலைசேஷனின் (பல்லின் தாது கரைவதன்) வெண்புள்ளியையும் எனாமலின் இயல்பான நிறத்தையும் பிரித்தறிய அந்த வில்லை உதவாது. கடைசியாக, அரை மணி நேரம் தொடர்ந்து போட்டுக்கொண்டு படியுங்கள். கண்ணுக்குப் பின்னால் இழுப்பதுபோல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் தேறினாலும் வேலைத் தொலைவும் சாய்வும் உங்களுக்குப் பொருந்த வேண்டும். மலிவான வகைகள் 34, 42, 50 சென்டிமீட்டர் போன்ற சில நிலையான தொலைவுகளிலேயே வருகின்றன. முதலில் உங்கள் அளவை எடுத்துக்கொண்டு, அதற்கு அருகில் உள்ளதைத் தேடுங்கள். சாய்வுக்குத் திருகு இல்லாத மாதிரியைத் தொடவே வேண்டாம்.

இன்டர்ன்ஷிப் முடித்துப் போகிற அக்கா அவருடைய டி.டி.எல். லூப்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

அவருடைய கண்மணி இடைவெளி, உயரம், பவர் மூன்றும் உங்களுடையதோடு ஒத்துப்போனால் மட்டும் வாங்கலாம், அது அபூர்வம். கண்மணி இடைவெளியில் சில மில்லிமீட்டர் வித்தியாசமே காட்சியை இரட்டையாக்கிவிடும். அவர் தருவது ஃபிளிப்-அப் என்றால் பதில் வேறு. மேலே சொன்ன கட்டக் காகிதச் சோதனையைச் செய்து, கீலும் திருகுகளும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனம் வாங்குவது? ஒரு பெயரைச் சொல்லுங்களேன்.

ஜெர்மனியின் ஸைஸ், ஹைனே, டென்மார்க்கின் எக்ஸாம்விஷன், இத்தாலியின் யூனிவெட், அமெரிக்காவின் ஓராஸ்கோப்டிக், சர்ஜிடெல், டிசைன்ஸ் ஃபார் விஷன் ஆகியவை உலகெங்கும் அறியப்பட்டவை. ஒரு பெயரைச் சுட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஏனெனில் மேலான நிறுவனத்தின் தவறாக அளவெடுத்த லூப்ஸைவிட, நடுத்தர நிறுவனத்தின் சரியாக அளவெடுத்த லூப்ஸ் உங்களுக்குப் பயன்படும்.

விற்பனையாளரிடம் பெயருக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: அளவை யார், எங்கே, எந்த நாற்காலியில் எடுப்பார்கள்? அளவு தவறினால் கட்டணமின்றி மாற்றித் தருவார்களா? பழுது இந்தியாவிலேயே பார்க்கப்படுகிறதா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா? அதுவரை மாற்று லூப்ஸ் தருவார்களா? பணம் கொடுப்பதற்கு முன் இந்த விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

லூப்ஸோடு விளக்கும் வாங்க வேண்டுமா?

3 மடங்கு வரை நாற்காலியின் விளக்கோடு சமாளிக்கலாம். அதற்கு மேல் தலைவிளக்கு இல்லாமல் பயனில்லை. நாற்காலி விளக்கு மேலிருந்து வருவதால் நம் தலையும் கையும் நிழல் விழச் செய்யும். லூப்ஸில் பொருத்திய விளக்கு பார்வைக் கோட்டிலேயே போவதால் மேல் கடைவாய்ப்பல்லின் பின்புறம்கூட நிழலின்றித் தெரியும். பேட்டரியைச் சட்டைப் பையில் வைக்கும் கம்பி வகையில் தலையில் எடை குறைவு. கம்பியற்ற வகையில் தொந்தரவு குறைவு, ஆனால் எடை முழுவதும் மூக்கின் மேல்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பல் நிறமுள்ள காம்போசிட் பில்லிங்கில், ஒளி பட்டதும் அதை இறுகவைக்கும் கேம்ஃபர்குவினோன் 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில் வினைபுரிகிறது, வெள்ளை எல்.இ.டி. ஒளியிலும் அந்த நீலம் உண்டு. விளக்கை அப்படியே அடித்துக்கொண்டு காம்போசிட்டை வடிவமைத்தால் இறுகவைக்கும் கியூரிங் லைட்டை எடுப்பதற்கு முன்பே அது இறுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆரஞ்சு வடிகட்டியை இறக்கிக்கொள்ள வேண்டும். பல்லின் நிறம் தேர்ந்தெடுக்கும்போது வடிகட்டியை விலக்க வேண்டும். நோயாளியின் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கினேன், போட்டால் தலைசுற்றுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உடனே வேண்டாம். முதலிரண்டு வாரங்களில் லேசான கிறுகிறுப்பு பலருக்கும் வரும். தலையைச் சற்றுத் திருப்பினாலே காட்சி முழுவதும் வேகமாக ஓடுவதால் மூளை அதற்குப் பழக நேரம் எடுக்கிறது. முதலில் பரிசோதனைக்கு மட்டும், பிறகு ஸ்கேலிங்குக்கு, அதன் பிறகே ஏரோட்டர் வேலைக்கு என்று கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது போடாதீர்கள்.

கருவியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் குழலுக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ பார்க்க வேண்டும். குறிப்பாக ஊசி விஷயத்தில் கவனமாக இருங்கள். மயக்க ஊசி போட்ட சிரிஞ்சை லூப்ஸ் வழியாகப் பார்த்தபடியே மூட முயல்வது விரலில் குத்திக்கொள்ளும் வழி, ஏனெனில் காட்சிப் பரப்புக்கு வெளியே கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. இரண்டு வாரம் கடந்தும் தலைவலி நிற்காவிட்டாலோ, ஒரு கண்ணை மூடினால் மட்டும் காட்சி தெளிந்தாலோ பொருத்தத்தில் குறை இருக்கிறது, அப்போது திருப்பி அனுப்புங்கள்.

மிரரில் பார்த்தால் பல் இரண்டாகத் தெரிகிறது. லூப்ஸில் கோளாறா?

அநேகமாக மிரரில்தான். சாதாரண மவுத் மிரரில் பாதரசப் பூச்சுபோல் தோன்றும் பிரதிபலிப்புப் படலம் கண்ணாடியின் பின்புறம் இருக்கும். அதனால் முன்பரப்பிலிருந்து ஒரு மங்கிய உருவமும் பின்பரப்பிலிருந்து ஒரு தெளிவான உருவமும் எழும். வெறும் கண்ணுக்குத் தெரியாத இந்த இரட்டை உருவம் லூப்ஸில் தெரிந்துவிடுகிறது. முன்பரப்பு மிரர் ஒன்று வாங்கினால் போய்விடும். அதன் படலம் எளிதில் கீறும் என்பதால் தனியாக வைத்துக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

எர்கோ லூப்ஸ் என்று புதிதாக வந்திருக்கிறதே, நேராகவே அதை வாங்கிவிடலாமா?

அதில் முப்பட்டகம் ஒளியை வளைத்துத் தருவதால், தலையை ஏறத்தாழ நேராக வைத்துக்கொண்டே கீழே இருக்கும் வாயைப் பார்க்கலாம். கழுத்துக்கு உண்மையாகவே நல்லது, முன்பே கழுத்து வலி உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பார்வை ஒரு திசையிலும் கைகள் இன்னொரு திசையிலும் இருப்பதால் பழகுவது சாதாரண லூப்ஸைவிடக் கடினம், விலையும் எடையும் கூடுதல். கை-கண் ஒருங்கிணைப்பே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மாணவர், வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்வது எப்படி? ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

குழலின் மேல் எந்தத் திரவத்தையும் நேராகத் தெளிக்காதீர்கள், தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள், ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. ஏரோட்டர் தெறிப்பில் துகள்கள் ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் வில்லையைத் துடைக்க வேண்டும். துகளோடு தேய்த்தால் கீறல் நிச்சயம். சட்டத்தையும் பிடிகளையும், நிறுவனம் அனுமதிக்கும் கிருமிநாசினியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். நோயாளியின் வாயில் இருந்த கையுறையோடு ஃபிளிப்-அப் நெம்புகோலைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டிய வேலைகளுக்கு நெம்புகோலில் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, நோயாளிக்கு நோயாளி மாற்றுங்கள்.

வீட்டில் இப்போது வசதி இல்லை. கடன் வாங்கியாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். லூப்ஸ் இல்லாமல் பி.டி.எஸ். படிக்க முடியும், நல்ல மருத்துவராக வெளியே வர முடியும். ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்வது, நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்வது, மேல் பற்களுக்கு மிரரில் பார்த்து வேலை செய்யப் பழகுவது ஆகிய மூன்றுக்கும் காசு தேவையில்லை, கழுத்தைக் காப்பதில் பெரும்பங்கு இவற்றுக்கே உண்டு. இன்டர்ன்ஷிப்பில் வரும் உதவித்தொகையைச் சேர்த்து, முதல் வேலைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். அதுவரை மலிவான ஃபிளிப்-அப் ஒன்று, மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், போதும்.

எம்.டி.எஸ். மேற்படிப்பில் எண்டோ (வேர்க்கால்வாய் சிகிச்சை) எடுக்கப் போகிறேன். இப்போதே 6 மடங்கு வாங்கிவிட்டால் மறுபடி செலவு இல்லையே?

எண்டோ துறையில் உயர்ந்த பெருக்கத்துக்கு நீங்கள் மைக்ரோஸ்கோப்பைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள். அது பெருக்கத்தைப் படிப்படியாக மாற்றித் தரும், எடையும் உங்கள் தலையில் இருக்காது. 6 மடங்கு லூப்ஸ் இன்றைய ஸ்கேலிங்குக்கும் உதவாது, நாளை மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாலும் நிற்காது. மைக்ரோஸ்கோப் வந்த பிறகும் பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் டேம் போட, கால்வாய்க்கு வழியான ஆக்ஸஸ் திறக்க, கிரவுன் தயாரிக்க நடுத்தரப் பெருக்கம் வேண்டும் என்பதால், இப்போது வாங்கும் 2.5 அல்லது 3 வீணாகாது.

அளவெடுத்துத்தான் வாங்கினேன், ஆறு மாதமாகப் போடுகிறேன். கழுத்து வலி குறையவே இல்லை. எங்கே தவறு?

முதலில் சாய்வுக் கோணத்துக்குச் சொன்ன பக்கவாட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். படத்தில் தலை குனிந்திருந்தால், மூக்குத்தாங்கி தளர்ந்து சட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை வெயிலில், முகக்கவசத்துக்குள் வியர்க்கும்போது சட்டம் வழுக்கி இறங்குவது சாதாரணம். தலைக்குப் பின்னால் செல்லும் பட்டையை இறுக்கினாலே சிலருக்குத் தீர்ந்துவிடும்.

சட்டம் சரியாக இருந்தும் குனிகிறீர்கள் என்றால், வேலைத் தொலைவு குறைவாகப் பதிந்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் பல் மங்கலாகவும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் தெளிவாகவும் தெரிந்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம். சில நிறுவனங்கள் முன்வில்லையை மட்டும் மாற்றித் தொலைவைக் கூட்டித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

படத்தில் தலை நிமிர்ந்தே இருந்தும் வலித்தால் காரணம் லூப்ஸில் இல்லை. நோயாளியை மிக உயரத்தில் வைத்துத் தோளைத் தூக்குகிறீர்களா, எல்லாப் பற்களையும் ஒரே கடிகார நிலையில் (நோயாளியின் தலையைக் கடிகார முகமாகக் கொண்டு நாம் உட்காரும் இடம்) உட்கார்ந்தே எட்டிப் பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். அசையாமல் வெகுநேரம் இருப்பதே தசைக்குச் சுமை என்பதால், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே எழுந்து கழுத்தையும் தோளையும் பின்னோக்கி நீட்டுங்கள். வலி கைக்குப் பரவினாலோ விரல் மரத்தாலோ லூப்ஸைத் திருத்திக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபி நிபுணரையோ அந்த வாரமே பாருங்கள்.